பச்சைக் கோப்பையா, சிவப்புக் கோப்பையா?

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. பதினாறரை சென்டிமீட்டர் உயரம். நம் வீட்டுத் தண்ணீர் டம்ளரைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். முன்பக்கத்திலிருந்து அதன்மேல் வெளிச்சம் விழும்போது பார்த்தால் மங்கிய பச்சை நிறம். வெளிச்சம் உள்ளே போவதாகவே தெரியாது. இப்போது அந்தக் கோப்பைக்குள் ஒரு விளக்கை வையுங்கள். பச்சை போன இடம் தெரியாது! கோப்பை முழுவதும் கெம்புச் சிவப்பாக ஒளிவிடும். விளக்கை எடுத்துவிட்டால் மறுபடியும் பச்சை.

மேலே பூச்சு எதுவும் கிடையாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டி வைத்த வேலையும் கிடையாது. ஒரே கண்ணாடி, இரண்டு நிறம். இதைச் செய்தவர்கள் ரோமப் பேரரசின் கைவினைஞர்கள். செய்த காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டு. அதாவது சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்னால்.

இதன் பெயர் லைகர்கஸ் கோப்பை. கோப்பையைச் சுற்றி உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அவை சொல்லும் கதை கிரேக்கப் புராணக் கதை. லைகர்கஸ் என்பவன் திரேஸ் நாட்டு அரசன், மகா கோபக்காரன். திராட்சைக்கும் ஒயினுக்கும் உரிய தெய்வமான டயோனிசஸையும் அவருடைய கூட்டத்தாரையும் அடித்துத் துரத்துகிறான். அந்தக் கூட்டத்தில் இருந்த அம்ப்ரோசியா என்ற பெண், ‘என்னைக் காப்பாற்று’ என்று பூமித்தாயிடம் வேண்டுகிறாள். பூமி அவளைத் திராட்சைக் கொடியாக மாற்றிவிடுகிறது. அந்தக் கொடி சும்மா இருக்கவில்லை. அரசனின் கையையும் காலையும் வளைத்துப் பிடித்து இறுக்குகிறது. கோப்பையில் நாம் பார்ப்பது அந்த நொடியைத்தான். கொடியில் சிக்கிய லைகர்கஸ் திமிறுகிறான். டயோனிசஸ், ஒரு சிறுத்தை, ஆட்டுக்கால் கொண்ட பான் தெய்வம், கல்லை ஓங்கி நிற்கும் ஒருவன் என்று சுற்றிலும் எல்லோரும் அவனுக்கு எதிராக நிற்கிறார்கள். காயாக இருக்கும்போது பச்சையாகவும் பழுத்தால் சிவப்பாகவும் திராட்சை நிறம் மாறுகிறதே, அதற்குப் பொருத்தமாகத்தான் இந்த நிறம் மாறும் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் பிடித்திருக்கிறது.

நிறத்துக்குப் போவதற்கு முன், இந்த உருவங்களை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தனியாகச் செய்து ஒட்டியவை அல்ல இவை. முதலில் தடிமனான சுவர் கொண்ட ஒரு சாதாரணக் கோப்பையை உருவாக்கினார்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்துத் தேய்த்து வேண்டாத கண்ணாடியை நீக்கினார்கள். உருவங்கள் மட்டும் மிஞ்சின. அத்தோடு விடவில்லை. பல இடங்களில் உருவத்துக்குப் பின்னாலும் கருவியை நுழைத்துக் குடைந்திருக்கிறார்கள். அதனால் கொடியும் கைகால்களும் கோப்பைச் சுவரை விட்டு விலகி நிற்கின்றன. அங்கங்கே சின்னச் சின்னக் கண்ணாடிப் பாலங்கள்தான் அவற்றைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. உருவங்களின் உடம்பு தடிமனாக இருப்பதால் அங்கே வெளிச்சம் குறைவாகத்தானே வரும்? அதற்கும் வழி கண்டார்கள். உடம்புக்கு நேர் பின்னால், கோப்பையின் உள்பக்கத்திலிருந்து குழித்து விட்டார்கள். இப்போது உள்ளே விளக்கு வைத்தால் உருவங்களும் ஒளிர்கின்றன.

கண்ணாடி வளையல் கைதவறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கோப்பையில் கடைசி வாரம் ஒரு கை அழுத்தம் கூடிப்போனால், அதுவரை செய்த வேலை அத்தனையும் போச்சு. ரோம நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது! உல்பியன் என்ற சட்ட அறிஞர் எழுதியது. இப்படிக் குடைந்து செய்யக் கொடுத்த கோப்பை வேலையின்போது உடைந்தால் யார் நஷ்டத்தை ஏற்பது? கைவினைஞரின் திறமைக்குறைவால் உடைந்தால் அவர் பொறுப்பு. கண்ணாடியில் முன்பே கீறல் இருந்து உடைந்தால் அவர் பொறுப்பில்லை. அதனால்தான் ‘உடைந்தால் நான் பொறுப்பல்ல’ என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு வேலையில் இறங்குவது கைவினைஞர்களின் வழக்கமாக இருந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். சட்டம் போடும் அளவுக்கு இது அடிக்கடி உடைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இந்தக் கோப்பை எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. 1845இல்தான் முதன்முதலாக ஒருவர் இதைப் பற்றி அச்சில் எழுதினார். பிறகு இங்கிலாந்தின் ராத்ஸ்சைல்டு குடும்பத்திடம் வந்தது. 1958இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை 20,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. இப்போது அதில் தெரியும் பொன்முலாம் பூசிய வெள்ளி விளிம்பும் அடிப்பாகமும் ரோமர் காலத்தவை அல்ல; மிகவும் பிற்காலத்தில் சேர்த்தவை.

1950களில் இதை ஆராய்ந்தவர்களுக்கு முதலில் வந்த சந்தேகமே வேறு. இது கண்ணாடிதானா, இல்லை ஏதாவது ரத்தினக் கல்லா? நிறம் மாறும் கற்கள் உலகத்தில் உண்டு. ஆகவே எக்ஸ் கதிர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். கல்லுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக, ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அதைப் படிகம் என்கிறோம். அதன்மேல் எக்ஸ் கதிர் பட்டால், சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் பளிச்சென்று சிதறி, தெளிவான கோடுகளாகப் பதிவாகும். கண்ணாடிக்குள் அப்படி ஒழுங்கு கிடையாது. உருகிய குழம்பில் அணுக்கள் எப்படிக் கலைந்து கிடந்தனவோ, ஏறக்குறைய அப்படியே இறுகிப் போனதுதான் கண்ணாடி. அதனால் தெளிவான கோடுகள் வராது, மங்கலான பட்டைதான் வரும். கோப்பைக்கு மங்கலான பட்டைதான் வந்தது. கண்ணாடியேதான்!

அப்படியானால் நிறம்?

கண்ணாடிக்கு நிறம் வருவதற்குச் சாதாரணமாக ஒரு காரணம் போதும். உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியோ மேசைக் கண்ணாடியோ இருந்தால், அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சை தெரிகிறதா? மணலோடு வந்த துளி இரும்பு செய்கிற வேலை அது. கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா. இந்த உலோகங்கள் கண்ணாடியில் கரைந்து தனித்தனி அணுக்களாகப் பரவி, வெள்ளை ஒளியில் சில நிறங்களை விழுங்கிவிடுகின்றன. மிச்ச நிறம் நம் கண்ணுக்கு வருகிறது. ஆனால் இப்படி நிறம் பெற்ற கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நிறம்தான். நீலப் புட்டி பின்னாலிருந்து பார்த்தாலும் நீலம்தான்.

லைகர்கஸ் கோப்பையின் கண்ணாடியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிலிக்கா, அதாவது மணல். மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். மற்ற ரோமக் கண்ணாடிகளும் இதே கலவைதான். கோப்பையின் மிகச் சிறிய துணுக்கு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. உள்ளே தங்கமும் வெள்ளியும் இருந்தன. எவ்வளவு? ஒரு கிலோ கண்ணாடிக்குச் சுமார் 300 மில்லிகிராம் வெள்ளி, சுமார் 40 மில்லிகிராம் தங்கம். ஒரு சவரன் 8 கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு சவரன் தங்கம் இருந்தால் 200 கிலோ கண்ணாடிக்குப் போதும். இவ்வளவு கொஞ்சமான தங்கத்தைக் கணக்காக அளந்து போட்டிருப்பார்களா, இல்லை வேறு எதனுடனோ கலந்து வந்து விழுந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தங்கமும் வெள்ளியும் என்ன வடிவில் உள்ளே இருக்கின்றன என்பதைச் சாதாரண நுண்நோக்கியால் பார்க்க முடியவில்லை. எலக்ட்ரான் நுண்நோக்கி வர வேண்டியிருந்தது. பார்பர், ஃப்ரீஸ்டோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கொண்டு பார்த்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் ஒன்றாகக் கலந்த குட்டிக் குட்டித் துகள்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 50 முதல் 100 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இந்தத் துகள்களை அடுக்கினால் ஆயிரம் துகள்கள் நிற்கும்.

இவ்வளவு சிறிய துகள் வெளிச்சத்தை என்ன செய்யும்? இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

உலோகங்களில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. உள்ளே தாராளமாக நகரும். ஒளி என்பது ஓர் அலை. அந்த அலை துகள்மீது படும்போது, எலக்ட்ரான் கூட்டம் முழுவதையும் ஒரு பக்கம் தள்ளுகிறது, உடனே மறுபக்கம் தள்ளுகிறது. நீங்கள் ஊஞ்சலை ஆட்டியிருப்பீர்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால் லேசான தள்ளலிலேயே உயரப் போகும். கண்டபடி தள்ளினால் நகரவே நகராது. துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் கூட்டத்துக்கும் அப்படித் தனக்கென்று ஒரு வேகம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிற ஒளியும் ஒவ்வொரு வேகத்தில் தள்ளும். லைகர்கஸ் கோப்பையின் துகள்களுக்கு ஒத்துப்போவது பச்சை நிற ஒளியின் வேகம். ஆகவே வெள்ளை ஒளி உள்ளே நுழைந்ததும் துகள்கள் அதிலிருந்து பச்சையைப் பிடித்துக்கொள்கின்றன. சிவப்பு மட்டும் பிடிபடாமல் கண்ணாடியைக் கடந்து போகிறது. கோப்பைக்குள் விளக்கு வைத்தபோது நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சிவப்புத்தான்.

பிடித்த பச்சையைத் துகள் என்ன செய்யும்? ஒரு பங்கு வெப்பமாக மாறிவிடும். இன்னொரு பங்கைத் துகள் எல்லாத் திசையிலும் திருப்பி வீசும். இதுதான் ஒளிச்சிதறல். முன்பக்கம் வெளிச்சம் விழும்போது, வெளிச்சம் வந்த பக்கமே நிற்கும் நமக்கு அந்தத் திருப்பி வீசப்பட்ட பச்சை தெரிகிறது. ஆக, கோப்பை நிறம் மாறுவதே இல்லை! வெள்ளை ஒளியைப் பிரித்து, பச்சையை இந்தப் பக்கமும் சிவப்பை அந்தப் பக்கமும் அனுப்புகிறது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

இதில் துகளின் அளவு ரொம்ப முக்கியம். துகள் மிகவும் சிறியதாக இருந்தால், பிடித்த ஒளியைப் பெரும்பாலும் வெப்பமாக்கிவிடும். திருப்பி வீசுவது கொஞ்சம்தான். அப்போது கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு. தங்கம் சேர்த்த சிவப்புக் கண்ணாடிகள் ஐரோப்பாவில் பிற்காலத்தில் நிறையச் செய்தார்கள். அவற்றின் துகள்கள் பொதுவாக இதைவிடச் சிறியவை. லைகர்கஸ் கோப்பையில் துகள் போதிய அளவுக்குப் பெரியது, வெள்ளியும் கூடவே இருக்கிறது. அதனால்தான் பச்சையும் கிடைத்தது. சிறிது பிசகியிருந்தால் இந்தக் கோப்பையை ஒரு சிவப்புக் கண்ணாடியாக மட்டும் பார்த்திருப்போம்.

ரோமர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அணு, எலக்ட்ரான் எதுவும் தெரியாது. ஆனால் உலையைத் தெரியும். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தால் என்ன நடக்கும் என்பது கைப்பழக்கத்தில் வந்த அறிவு. அதைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. தங்கச் சிவப்புக் கண்ணாடியின் விஷயத்தையே பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில், போட்ஸ்டாம் பக்கத்தில், யோஹான் குங்கெல் என்பவர் இந்த வகைக் கண்ணாடி செய்து பெயர் பெற்றார். தங்கத்தைக் கரைத்துக் கண்ணாடிக் குழம்பில் சேர்த்து, பாத்திரமாக ஊதி எடுத்தால் சிவப்பு வந்துவிடாது. பெரும்பாலும் நிறமே இல்லாமல்தான் இருக்கும். அதை மறுபடியும் உலையில் மிதமான சூட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தனித்தனியாகக் கிடந்த தங்க அணுக்கள் மெல்ல நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து துகள்களாக வளரும். கண்ணாடி நம் கண்முன்னே சிவக்கும். அளவுக்கு மேல் சூடாக்கினால் துகள் பெரிதாகி நிறம் கெட்டுப் பழுப்பாகிவிடும்.

விளக்கம் தந்தவர்கள் அதற்கும் பின்னால் வந்தார்கள். மின்சாரத்தைப் பற்றிப் படிக்கும்போது மைக்கேல் ஃபாரடே என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். அவரேதான். 1850களில் அவர் தங்கத்தை நீரில் மிக நுண்ணிய துகள்களாக்கி, கெம்பு நிறத் திரவம் ஒன்றைச் செய்தார். அந்தத் திரவத்துக்குள் குறுகிய ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது கற்றை போகும் பாதை உள்ளே தெரிந்தது. வெறும் கரைசலாக இருந்தால் பாதை தெரியாது. துகள்கள் இருந்தால்தான் தெரியும். சிவப்பாக இருப்பதும் தங்கமேதான், மிக நுண்ணியதாகப் பிரிந்திருக்கிறது என்று 1857இல் அவர் அறிவித்தார். அவர் செய்த திரவப் புட்டிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. பிறகு ரிச்சர்ட் சிக்மாண்டி, ஜெர்மனியின் யேனா நகரக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்தபோது தங்கச் சிவப்புக் கண்ணாடியில் ஆர்வம் கொண்டு, இந்தத் துகள்களை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் ஒரு தனி வகை நுண்நோக்கி உருவாகக் காரணமானார். 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குத்தான் வழங்கப்பட்டது. துகள் அளவுக்கும் நிறத்துக்கும் உள்ள கணக்கை 1908இல் குஸ்டாவ் மீ எழுதிக் காட்டினார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு உறவு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் ஏராளமாகச் செய்தார்கள். ரோம நாட்டோடு வணிகம் நடந்த துறைமுக ஊர் அது. அங்கே கிடைத்த மணிகளில் செங்கல் நிறத்தில், ஒளி புகாத சிவப்பு மணிகளும் உண்டு. அந்த வகைச் சிவப்புக்குக் காரணம் தங்கமல்ல, செம்பு. காற்று அதிகம் புகாமல் புகையச் செய்த உலையில்தான் செம்பு கண்ணாடிக்குள் சிவப்பு நிறத் துகள்களாகத் தங்கும். காற்று தாராளமாகப் புகுந்தால் அதே செம்பு நீலமோ பச்சையோ ஆகிவிடும். கடுகளவு மணியைச் செய்தவர்களும் உலையின் மூச்சை அறிந்து வைத்திருந்தார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பாருங்கள். மணிகள் சின்னவைதான், அவசரமாகக் கடந்து போகாதீர்கள்.

தங்கத் துகள் இப்போது மருத்துவத்துக்கும் வந்துவிட்டது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, சிறிய பிளாஸ்டிக் பட்டையில் சொட்டுவிட்டுப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு, டி பக்கத்தில் ஒரு கோடு வருகிறதா என்று காத்திருப்பார்கள். அத்தகைய பல சோதனைப் பட்டைகளில் அந்தச் சிவப்பு, சாயம் அல்ல; நானோ அளவுத் தங்கத் துகள்கள். ஒவ்வொரு துகளின் மேலும் கிருமியின் பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஒட்டியிருப்பார்கள். திரவத்தோடு பட்டையில் ஊர்ந்து போகும் துகள்கள், கிருமி இருந்தால் டி கோட்டில் மாட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும்.

சரி, பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும் கோப்பை ஒன்று வீட்டிலேயே வேண்டுமா? தங்கம் தேவையில்லை, பால் போதும். உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டம்ளரின் ஒரு பக்கத்தில் டார்ச்சைப் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று தண்ணீர் வழியாக விளக்கைப் பார்த்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். டார்ச் மிகப் பிரகாசமானதாக இருந்தால் நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து அதில் விழும் ஒளியைப் பாருங்கள்.

பாலில் உலோகம் கிடையாது; கொழுப்பும் புரதமும் கலந்த நுண்துளிகள்தான் உண்டு. அவை எந்த நிறத்தையும் விழுங்குவதில்லை, நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே கோப்பையில் நடப்பதில் பாதிதான் டம்ளரில் நடக்கிறது. அடுத்து, இன்னும் இரண்டு சொட்டு, பிறகு அரைக் கரண்டி, பிறகு ஒரு கரண்டி என்று பாலைக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் நீலம் மறைந்து வெறும் வெள்ளையாகிறது? ஏன் அப்படி ஆகிறது? நீங்கள் பார்த்ததையும் உங்களுக்குத் தோன்றிய காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.